பதினேழாம் கேள்வி

மண்ணடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
விசா படிவம் நிரப்புகிறவள் நான்.
விமானம் ஏறியதில்லை.
ஏறுவதெல்லாம் இந்த இரும்புப் படி.
அதற்கு முன்னால் தினமும்
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை
ஸ்கூட்டியை அணைத்து ஒற்றைக்கால் ஊன்றி நிற்பது.

மாசியில் எட்டியப்பன் வந்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.
தண்டையார்பேட்டைக்காரர்கள் பதினோரு பேர்,
சீட்டு எடுத்த பணம்,
மஞ்சப்பையில் பதினோரு பாஸ்போர்ட்.
பிரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும் புதுசு.
"முப்பத்தாறு வருசம் அந்த ஊர் பொட்டிய எறக்கிக்கீறேன்.
ஒரு வாட்டி நான் எறங்கிப் பாக்கணும். அவ்ளோதான்."

வெள்ளைப் பின்னணி. காது தெரியணும். பல் தெரியக் கூடாது.
அவர் மனைவி குப்பம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை,
மூன்று முறை எடுத்தார் ஸ்டூடியோக்காரர்.

பயண நோக்கம்?
"பாக்கத்தான்."
சுற்றுலா என்று எழுதினேன்.
அங்கே யாரைத் தெரியும்?
"யாரையும் தெரியாது. அதானே போறோம்."
பதினேழு: அந்நாட்டுக்கு முன்பு சென்றதுண்டா?
"உண்டு" என்றார்.
பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இல்லை.
நிமிர்ந்து பார்த்தேன்.

"எம்பத்தொம்போது. மழைல வேல நின்னுபோச்சு.
அவங்க கப்பல்ல கூப்ட்டு, சமையக்கட்டுல குந்த வெச்சி
கிண்ணத்துல இன்னாவோ சூடா ஊத்திக் குடுத்தான் ஒருத்தன்.
முட்டகோஸ் வாசன.
பேர் கேட்டேன், அவன் சொன்னது என் வாய்ல நிக்கல.
மேல அவங்க கொடி பறக்குது.
அப்போ அது அவங்க ஊர்தானேம்மா?"

வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பிறகு இரண்டு நாட்டுக்கும் வாய்த்தகராறு.
எங்கோ ஒரு மேடையில் ஒருவர் ஒன்று சொல்ல,
இவர்கள் தூதரைக் கூப்பிட்டுக் கேட்க,
அவர்கள் இரண்டு அதிகாரிகளைத் திருப்பி அனுப்ப,
இவர்கள் மூன்று.
டீக்கடை டிவியில் வரைபடம் சிவப்பாக மின்னியது.
செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகால் மணி,
இணையதளத்தில் இரண்டே வரி:
சுற்றுலா விசா மறு அறிவிப்பு வரை நிறுத்தம்.
கட்டணம் திருப்பித் தரப்படாது.

போன் செய்து சொன்னேன்.
"நமக்கு அவன்கூட இன்னா தகராறு?" என்றார்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

அன்று சாயங்காலமும் பர்மா பஜாரில்
அந்த நாட்டு சார்ஜர் நூற்றைம்பதுக்குப் போனது.
துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
வழக்கம்போல் யாருக்கும் வழிவிடாமல் நின்றன,
அந்த ஊர் எழுத்து, அந்த ஊர்த் துரு.
பெட்டியிடம் யாரும் காதைக் காட்டச் சொல்வதில்லை.

பாஸ்போர்ட்டுகள் திரும்பி வர ஐந்து வாரம்.
தனியாக வந்தார்.
மற்றவர்கள் பணத்தைத் தன் பென்ஷனில்
மாசாமாசம் கட்டுவதாகச் சொல்லிவிட்டாராம்.
"நான்தானே இஸ்துக்கினு வந்தேன்."
தன் படிவத்தின் நகலை மட்டும் கேட்டார்.
விரல் கட்டம் கட்டமாக இறங்கி
பதினேழில் நின்றது.
"இனிமே இது எங்கியும் போவாதில்ல?"
போகாது.
"அப்போ இத மட்டும் மாத்திக் குடு."

இல்லையை அடித்தேன்.
ஆம் என்பதில் டிக்.
ஆம் எனில், எப்போது என்று கேட்டிருந்தது.
"எம்பத்தொம்போது ஐப்பசி. மழ."
மழை என்பதையும் எழுதினேன்.

குப்பம்மாவின் சிரித்த படங்கள் இரண்டு
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கின்றன.
வாங்கிப் போக மறந்துவிட்டார்.

அன்றிரவு கேட் போட்டிருந்தது.
பெட்டி பெட்டியாகப் போயிற்று, எண்ணினேன்,
நாற்பத்திரண்டில் விட்டுவிட்டேன்.
கடைசிப் பெட்டி போன பிறகும்
கேட்டைத் தூக்கவில்லை.
பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.